மலைக்கு அந்தப் பக்கம் லைன் ஏன் வருவதில்லை?

கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பிரியும் பாதையில் ஏறிக்கொண்டே போனால் பிரிஞ்சாங் மலையின் உச்சிக்கு வந்துவிடலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். பட்டப்பகலிலும் குளிரும். மரங்களெல்லாம் பாசியைப் போர்த்திக்கொண்டு நிற்கும். அந்தக் காட்டுக்கு நடுவே, மேகத்துக்குள் தலையை நீட்டியபடி ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன.

இவ்வளவு உயரத்தில் கோபுரம் வைத்திருக்கிற மலையில், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "லைன் இல்ல, லைன் இல்ல" என்று பிள்ளைகள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடக்க வேண்டி வருகிறதே, அது ஏன்? இந்த மாதம் அதைத்தான் பேசப்போகிறோம். நோட்டும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும், கணக்கு உண்டு.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் பல காலம் பக்கத்துப் பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்துதான் வண்டிகள் அங்கே ஏறின. 1885-இல் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதிவைத்த வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரின் பெயர்தான் மலைக்கும் வந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. காட்டைத் திருத்திச் செடி நட்டு, கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் படிக்க ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் தோட்டங்களிலும் இன்றும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன.

தோட்டத்தை மேலே நின்று பார்த்தால் ஒன்று சட்டென்று புலப்படும். தேயிலைச் செடிக்கு வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. அதனால் அதற்குச் சரிவு வேண்டும். மனிதருக்கோ சமதரையும் பக்கத்தில் தண்ணீரும் வேண்டும். எனவே செடியெல்லாம் மலையின் முதுகிலும் தோளிலும் வெயில் காய்ந்துகொண்டிருக்க, தொழிலாளர் குடியிருக்கும் லயமும் கோயிலும் பள்ளியும் பெரும்பாலும் கீழே, மடிப்புக்குள், ஓடைக்கரையோரம் அமைந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்ட வசதியான அதே பள்ளம்தான் ரேடியோ அலை வந்து சேர மிகவும் கஷ்டப்படும் இடம்.

கொரோனா பரவியதால் 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் தொடங்கியது. அந்த ஆண்டு கல்வி அமைச்சு நாடு முழுக்கப் பெற்றோரிடம் கேட்டுப் பார்த்ததில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் படிக்க எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கும் மேல்! கருவி இருந்த பல வீடுகளிலும் அது அப்பாவின் ஒரே கைப்பேசி. அவர் வேலை முடிந்து வந்தால்தான் பிள்ளைக்குப் பாடம்.

மாலினி என்று ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு ஐந்து. தோட்டத்து லயத்தில் வீடு. சன்னல் கட்டையில், கம்பிக்கும் சுவருக்கும் இடையில், ஒரு குறிப்பிட்ட மூலையில் வைத்தால் மட்டும் கைப்பேசியில் ஒரு கோடு தெரியும். அரை அடி நகர்த்தினால் அதுவும் போய்விடும். திரையில் ஆசிரியரின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்கிறது. குரல் மட்டும் துண்டு துண்டாக, "பின்ன... கூட்... கீழே உள்ள..." என்று வருகிறது.

தாத்தா வாசலில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "பனி எறங்கிருச்சும்மா. இனி லைன் எங்க வரப்போவுது?"

"பனிக்கும் லைனுக்கும் என்ன தாத்தா?"

"அது வந்து அடைச்சிக்கும்ல?"

தாத்தா சொன்னது சரியா? அதற்கு முன்னால் அலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கைப்பேசி பேசுவது ரேடியோ அலையில். ரேடியோ அலையும் நாம் கண்ணால் காணும் ஒளியும் ஒரே குடும்பம். இரண்டும் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வித்தியாசம் அலைநீளத்தில்தான். ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. கைப்பேசி அலையின் நீளத்தை நீங்களே கணக்குப் போடலாம்: 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டரில் விடை வரும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை என்றால் 300 ÷ 700 = 0.43 மீட்டர், அதாவது 43 சென்டிமீட்டர். 2,600 மெகாஹெர்ட்ஸ் என்றால் பதினொன்றரை சென்டிமீட்டர். 5ஜி-க்குப் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸ் என்றால் எட்டரை சென்டிமீட்டர்தான்.

நீளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் கூடத்தில் இருக்கிற உங்களுக்குக் குரல் கேட்கிறது, முகம் தெரிவதில்லை. குரலின் அலை ஒரு மீட்டர் அளவுக்கு நீளமானது. கதவு விளிம்பில் வளைந்து வந்துவிடுகிறது. ஒளியின் அலை மிகமிகச் சிறியது. நேர்கோட்டில் போய்ச் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. தடையின் ஓரத்தில் அலை இப்படி வளைவதை விளிம்பு விளைவு என்று பாடப்புத்தகத்தில் படிப்பீர்கள். நீளமான அலை நன்றாக வளையும். குட்டையான அலை அவ்வளவாக வளையாது.

இப்போது மலையைப் பாருங்கள். ஈரமண்ணும் பாறையுமாக நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்துக்கு நிற்கிற மலையை எந்தக் கைப்பேசி அலையும் துளைத்துப் போகாது. முகட்டைத் தாண்டும்போது விளிம்பில் வளைந்து கொஞ்சம் கீழே இறங்கும். பள்ளம் ஆழமாக ஆழமாக அந்தக் கொஞ்சமும் மெலிந்துபோகும். 43 சென்டிமீட்டர் அலை சற்று நன்றாகவே இறங்கும். எட்டரை சென்டிமீட்டர் அலை முகட்டுக்கு மேலேயே நேராகப் போய்விடும். இடையில் ஈரமான மரக்கூட்டம் இருந்தால் அதுவும் தன் பங்குக்கு உறிஞ்சிக்கொள்ளும்.

அப்படியானால் எல்லாருக்கும் நீளமான அலையையே கொடுத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். கீழ்வரிசை அலைவரிசைகளில் இடம் குறைவு. அதே இடத்துக்கு வானொலி, தொலைக்காட்சி எல்லாம் போட்டி போடும். மலேசியாவில் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-உடன் நிறுத்தப்பட்டது. அதனால் காலியான 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி பிறகு கைப்பேசிச் சேவைக்குத் திறந்துவிடப்பட்டது. பெரிய டிவி பெட்டிக்குப் படம் சுமந்துவந்த அலைவரிசையில் இப்போது 5ஜி ஓடுகிறது. மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தி.

சரி, மலையுச்சியில் அவ்வளவு பெரிய கோபுரம் இருக்கிறதே, அது போதாதா? போதாது. தொலைக்காட்சிக் கோபுரத்துக்குப் பேச மட்டும் தெரியும், கேட்கத் தெரியாது. அது மிக அதிக ஆற்றலோடு ஊருக்கெல்லாம் கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று நின்றுவிடலாம். கைப்பேசிக் கோபுரம் உங்கள் பதிலையும் கேட்டாக வேண்டும். உங்கள் கையில் உள்ள கைப்பேசி அனுப்பும் ஆற்றலோ அதிகபட்சம் 0.2 வாட் போலத்தான். அந்தச் சின்னக் குரல் கோபுரத்தை எட்ட வேண்டுமென்றால் கோபுரம் பக்கத்தில் இருக்க வேண்டும், நடுவில் மலை இருக்கக் கூடாது.

ஒருவழிப் பாடமும் ஒரு காலத்தில் பெரிய உதவியாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் 1972-லேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. கொரோனாக் காலத்தில், 2021 பிப்ரவரி 17 அன்று, டிடிக் டிவி என்ற கல்வி அலைவரிசையை அமைச்சு கொண்டுவந்தது. டேட்டா வேண்டாம், டாப் அப் வேண்டாம். டிவி இருந்தால் பாடம் வரும். ஆனால் "சார், புரியல" என்று டிவியிடம் சொல்ல முடியாது. படிப்பில் பாதி, கேள்வி கேட்பதுதானே? அதனால்தான் இருவழி லைன் எல்லா வீட்டுக்கும் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

2020 ஜூனில் சபா மாநிலத்துப் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுத மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. மரத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. சில மீட்டர் உயரம் ஏறியதும் குறுக்கே நின்ற தடை கீழே போய்விட்டது. கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவே வழி திறந்தது. அவர் செய்தது சரியான இயற்பியல். ஆனால் அப்படி ஒரு நிலை எந்தப் பிள்ளைக்கும் வந்திருக்கக் கூடாது. நீங்கள் யாரும் மரத்திலோ கூரையிலோ ஏறிவிடாதீர்கள்!

இனி தாத்தாவின் பனிக்கு வருவோம். மூடுபனி என்பது மிகச் சிறிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒரு துளி, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். அதன்மேல் போகிற கைப்பேசி அலையோ பத்து, இருபது, நாற்பது சென்டிமீட்டர் நீளம். அலைக்கு அந்தத் துளி இருப்பதே தெரியாது, தாண்டிப் போய்விடும். கண்ணுக்கு எதிர் மலை மறைந்துபோகும் அளவுக்குப் பனி இறங்கினாலும் கைப்பேசி அலைக்கு அது வெட்டவெளிதான்.

மழை வேறு கதை. கூரையில் ஆஸ்ட்ரோ டிவி தட்டு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். பெருமழை பெய்தால் படம் நின்றுவிடும். விண்கோளிலிருந்து அந்தத் தட்டுக்கு வரும் அலை 12 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் உள்ளது. நீளம் வெறும் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளி இரண்டு மூன்று மில்லிமீட்டர். அலைக்கும் துளிக்கும் அளவு நெருங்கி வந்துவிட்டதால், துளிகள் அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் தொடங்கிவிடுகின்றன. ஃபைபர் கேபிள் போட முடியாத மலைப்பகுதிகளில் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்குத் தகவல் போவதும் இப்படிப்பட்ட குட்டை அலையில்தான். கோபுரத்தின் பக்கவாட்டில் மத்தளத்தின் ஒரு முகம் மாதிரி வட்டமாக ஒன்று தெரியுமே, அதுதான் அதற்கான கருவி. பக்கத்து மலையில் கொட்டும் மழை அந்த இணைப்பை மெலிய வைத்தால் உங்கள் பள்ளத்தில் லைன் தடுமாறும். மின்சாரம் போனாலும் கோபுரம் பேட்டரி தீரும்வரைதான் தாங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பனி இறங்கும் பொழுது எது? பெரும்பாலும் மாலை. வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் வீடு திரும்பிக் கைப்பேசியை எடுக்கும் நேரமும் அதுதான். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அத்தனை பேரும் பங்குபோட வேண்டும். தாத்தா கவனித்தது உண்மை. பனியோடு லைன் கெடுகிறது. காரணம் மட்டும் பனி இல்லை. ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பதும், அதற்கு உண்மையான காரணம் எது என்று தேடுவதும் சேர்ந்ததுதான் அறிவியல். முதல் பாதியைத் தாத்தா செய்துவிட்டார்.

அடுத்த புதிர்: ஆசிரியரின் முகம் உறைந்துபோன அதே நேரத்தில், அவர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட பயிற்சித்தாள் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டதே, அது எப்படி?

இணையத்தில் எதுவும் முழுசாகப் போவதில்லை. எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்துத்தான் அனுப்புவார்கள். 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனித்தனியே இந்த முறையை யோசித்தார்கள். ஒரு பொட்டலத்தில் சுமார் 1,500 பைட் இருக்கும். அதன்மேல் போகவேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். 3 மெகாபைட் படம் ஒன்று 2,000 பொட்டலங்களாகும். வழியில் 847-ஆம் பொட்டலம் தொலைந்துவிட்டால், பெறுகிற கைப்பேசி "847 வரவில்லை, மறுபடி அனுப்பு" என்று கேட்கும். லைன் மெலிந்திருந்தால் இந்தக் கேட்டலும் அனுப்பலும் பலமுறை நடக்கும். நேரம் ஆகும், ஆனால் கடைசியில் பயிற்சித்தாள் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் வந்துவிடும்.

நேரடி வகுப்பு அப்படிக் காத்திருக்க முடியாது. இரண்டு நொடிக்கு முன் ஆசிரியர் சொன்ன சொல்லை இப்போது கொண்டுவந்து கொடுத்து என்ன பயன்? அதனால் தொலைந்த பொட்டலத்தை விட்டுவிட்டு மேலே போய்விடும். அந்த ஓட்டைகள்தான் உறைந்த முகம், அறுந்த குரல். "நீ வகுப்பைக் கவனிக்கவில்லை" என்று மாலினியை யாராவது சொன்னால் அது அநியாயம். பின்னக் கூட்டல் அவளுடைய காதுக்கு வந்தே சேரவில்லை.

தூரம் ஒரு காரணமா என்றால், இல்லை. மாலினியின் பாட்டன் பூட்டன் வந்த கடலையே எடுத்துக்கொள்வோம். ரஜுலா என்ற கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு வர ஒரு வாரம் போல ஆனது. இன்று அதே வங்கக் கடலின் அடியில் சென்னைக்கும் மலாக்காவுக்கும் இடையே ஃபைபர் கேபிள் கிடக்கிறது. 2005-இல் முடிக்கப்பட்ட சீ-மீ-வீ 4 என்ற கேபிள் இந்த இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டு போகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 3,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வகுத்துப் பாருங்கள்: 0.015 நொடி. நீங்கள் ஒருமுறை கண் இமைப்பதற்குள் ஒரு தமிழ்ப் பக்கம் கடலைக் கடந்து கரையேறி நின்றுவிடும். பிறகு நெடுஞ்சாலையோரக் கேபிளில் மலையும் ஏறிவிடும். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர், அந்த முகட்டிலிருந்து லயத்துச் சன்னல்வரை வருவதற்குள்தான் இத்தனை பாடு.

அந்தக் கடைசித் துண்டை எப்படிக் கடப்பது? கோபுரத்தைப் பக்கத்தில் கொண்டுவருவது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. அனுப்பும் பாடத்தின் எடையைக் குறைப்பது. இதைப் பற்றி யாரும் பிள்ளைகளிடம் அதிகம் பேசுவதில்லை. அதனால் நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீடியோ வகுப்பு நொடிக்கு 10 லட்சம் பிட் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி. பெருக்கி, 8 பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 450 மெகாபைட். அதே பாடத்தைக் குரலில் மட்டும், நொடிக்கு 32,000 பிட் வீதம் அனுப்பினால் 14.4 மெகாபைட். முப்பது மடங்கு இறங்கிவிட்டது. எழுத்தாக அனுப்பினால்?

எழுத்தை எடைபோடத் தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட பட்டியலுக்கு யூனிகோட் என்று பெயர். 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் 'க' என்பது 2965. 'மலை' என்று நீங்கள் தட்டினால் கைப்பேசி மூன்று எண்களை அனுப்புகிறது: ம 2990, ல 2994, ஐகாரக் குறி 3016. இணையத்தில் போகும்போது ஒவ்வொன்றும் 3 பைட். ஆக, 'மலை' என்ற சொல்லின் எடை 9 பைட்!

இப்படிப் பார்த்தால் 250 சொல் உள்ள ஒரு தமிழ்ப் பக்கம் 6, 7 கிலோபைட் வரும். ஒரு மணி நேர வீடியோவின் 450 மெகாபைட்டில் அறுபதாயிரம் பக்கத்துக்கு மேல் அனுப்பலாம். பள்ளி நூலகத்தையே அனுப்பிவிடலாம் போலிருக்கிறது.

அதே பக்கத்தைப் புத்தகத்திலிருந்து படம் பிடித்து அனுப்பினால் 2 மெகாபைட் ஆகும். கிட்டத்தட்ட 300 மடங்கு. நொடிக்கு 64 கிலோபிட் மட்டும் வரும் மெலிந்த லைனில், தட்டச்சு செய்த பக்கம் ஒரு நொடிக்குள் வந்துவிடும். படமோ நாலு நிமிடத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். தட்டச்சு செய்த எழுத்தில் ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்கலாம். கண் தெரியாத பிள்ளைக்குக் கைப்பேசி அதைப் படித்துக் காட்டும். படத்தை அப்படி எளிதில் செய்ய முடியாது. அதனால் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்துப் போடுவதற்கு முன், அதைத் தட்டச்சு செய்து, விளக்கத்தைக் குரலில் பதிந்து அனுப்ப முடியுமா என்று பாருங்கள். பள்ளத்தாக்குப் பிள்ளைக்கு அது முதலில் போய்ச் சேரும்.

தமிழில் இவ்வளவு சுலபமாகத் தட்ட முடிவது தானாக வந்ததில்லை. 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980-களிலேயே கணினிக்கான 'முரசு' மென்பொருளைத் தொடங்கி, பிறகு கைப்பேசியில் தமிழ் எழுத 'செல்லினம்' செயலியைக் கொடுத்தார். இன்று தோட்டத்து அம்மா பள்ளிக்குழுவில் தமிழில் பதில் எழுதுகிறார் என்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

லைனே இல்லாத இடத்துக்கும் ஒரு வழி உண்டு. வைஃபையும் இணையமும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வைஃபை என்பது பக்கத்தில் இருக்கிற இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும் ரேடியோ மட்டுமே. மறுமுனையில் இணையம் இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு கணினியில், தானா ராத்தாவில் நல்ல லைன் கிடைக்கும் இடத்தில் வைத்துப் புத்தகங்களை இறக்கிக்கொள்ளலாம். பிறகு அதைத் தோட்டத்துப் பள்ளியில் வைத்து, சுற்றி உள்ள பிள்ளைகளின் கைப்பேசிக்கு வைஃபை வழியாகக் கொடுக்கலாம். விக்கிப்பீடியாவை இப்படி லைன் இல்லாமல் படிப்பதற்கென்றே கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல் உள்ளன; சின்ன மெமரி கார்டுக்குள் அடங்கிவிடும். 1998 முதல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. இலங்கைத் தமிழர் நடத்தும் நூலகம் திட்டம் 2005-இல் தொடங்கியது. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்காகவே 2001-இல் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இப்போது அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் பாடங்களும் மின்னூல்களும் யாருக்கும் திறந்தே இருக்கின்றன.

விண்கோள் இணையமும் வந்துவிட்டது. ஆஸ்ட்ரோவுக்குப் படம் அனுப்பும் விண்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு உயரத்துக்குக் கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி ஆகிவிடும். ஸ்டார்லிங்க் விண்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் தாமதம் மிகக் குறைவு. மலேசியாவில் 2023-இல் அந்தச் சேவைக்கு உரிமம் கிடைத்தது. வானம் திறந்திருந்தால் பள்ளத்துக்கும் வரும். ஒரு லயத்துக் குடும்பம் தனியாக வாங்கக்கூடிய விலை இல்லை. பள்ளிக்கு ஒன்று வைக்கலாம்.

ஆனாலும், இந்த வழிகளெல்லாம் இருக்கின்றன என்பதற்காகப் பெரியவர்கள் கோபுரம் போடும் பொறுப்பிலிருந்து நழுவிவிடக் கூடாது. ஐம்பது வீட்டுக்காக ஒரு கோபுரம் போட்டால் போட்ட காசு வராது என்று நிறுவனங்கள் கணக்குப் பார்க்கும். அந்தக் கணக்கு எல்லா நாட்டிலும் உண்டு. அதற்காகத்தான் மலேசியாவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானம் உள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டைப் பொதுச் சேவை நிதி ஒன்றுக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. லைன் எட்டாத இடங்களுக்குச் செலவழிக்க வேண்டிய பணம் அது. 2020-இல் ஜெண்டேலா என்ற தேசியத் திட்டமும் இதற்காகவே அறிவிக்கப்பட்டது. பணமும் திட்டமும் இருக்கின்றன. எந்தப் பள்ளத்தில் லைன் இல்லை என்று திருத்தமாகச் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த வேலையை நீங்கள் செய்யலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகளுக்குள் போய், 'கைப்பேசியைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சமிக்ஞையின் வலிமை ஓர் எண்ணாகத் தெரியும். சில கைப்பேசிகளில் அப்பாவோ அக்காவோ கொஞ்சம் தேடித் தர வேண்டியிருக்கும். அந்த எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும், பின்னால் டிபிஎம் என்று இருக்கும். −80 என்றால் அருமையான லைன். −110 என்றால் திண்டாட்டம். பத்து குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். அப்படியானால் −80-இலிருந்து −110-க்கு இறங்கினால்? பத்து, நூறு, ஆயிரம். ஆயிரத்தில் ஒரு பங்கு! கோடுகளை எண்ணுவதைவிட இந்த எண் நம்பகமானது.

பெரியவர் ஒருவரோடு போய் வீட்டு வாசல், பள்ளி, கோயில், ஆலை, பேருந்து நிற்கும் இடம் என ஐந்தாறு இடங்களில் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. பனி இறங்கிய மாலையில் ஒருமுறை கட்டாயம் அளக்க வேண்டும். எண் எவ்வளவு மாறியது என்று தாத்தாவிடம் காட்டலாம். தாளைத் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் கொடுங்கள். லைன் சரியில்லை என்ற புகாரை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் பொதுமக்களிடமிருந்து நேரடியாக வாங்கிக்கொள்கிறது. "எங்கள் தோட்டத்தில் லைன் மோசம்" என்று எழுதினால் அது குறை சொல்வதோடு நின்றுவிடும். "லயத்து வாசலில் −118, மேட்டுக் கோயிலில் −92" என்று எழுதினால், கோபுரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று பொறியாளருக்கு அந்தத் தாளே சொல்லிவிடும்.

அளந்த எண்களை எங்களுக்கும் அனுப்புங்கள். படம் பிடித்து அனுப்ப வேண்டாம், தமிழில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். ஒரே ஒரு கோடு லைன் இருந்தாலும் வந்து சேர்ந்துவிடும்.